ஆன்லைன் வியாபாரத்தில் சோர்ந்துவிடாமல் இருக்க: சின்னப் படிகளைக் கொண்டாடும் வழி

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பால் காய்ச்சும் நாள் வரைக்கும் காத்திருப்பதில்லை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்று ஒரு பூஜை. நிலை வைக்கிற அன்று மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஆசாரிக்கு வேட்டி துண்டு. தளம் போடுகிற அன்று கொத்தனார் முதல் சித்தாள் வரை எல்லாருக்கும் சாப்பாடு. வீடு முடிய ஒரு வருஷம் ஆகும், சில சமயம் இரண்டும் ஆகும். நடுவில் பணம் முட்டும், மணல் வராது, மழை பிடித்துக்கொள்ளும். ஆனாலும் வீடு வளர்கிறது என்பதை இந்த நாட்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

போனில் நடக்கும் வியாபாரத்துக்கு இப்படிப்பட்ட நாட்கள் தானாக வருவதில்லை. தெருவில் கடை போட்டால் பெயர்ப்பலகை இருக்கும், ஷட்டர் தூக்கும் சத்தம் நாலு பேருக்குக் கேட்கும், முதல் போணி ஆனதும் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடலாம். ஆன்லைனில் பகல் முழுக்கச் சாமான் வறுத்து, இடித்து, படம் எடுத்து, விலை கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதியிருப்போம். பார்க்கிறவர்களுக்கு நாம் எந்நேரமும் போனும் கையுமாக இருப்பதுதான் தெரியும். செய்த வேலை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் நம் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். நல்ல பொருள் வைத்திருப்பவர்கள்கூட இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.

நான் 2021ல் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து பொடி விற்க ஆரம்பித்தேன். மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி என்று மூன்றே மூன்று. மூன்றாவது மாதம் ஒரு வாரம் முழுக்க ஒரு ஆர்டர்கூட வரவில்லை. நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். அத்தை ஒன்றும் பேசாமல் மேஜை டிராயரைத் திறந்து, நான் சுருட்டிப் போட்டிருந்த தபால் ரசீதுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணினார். நாற்பத்தொன்று இருந்தது. "நாப்பத்தோரு பார்சல் போயிருக்கு. நீ ஒண்ணுமே நடக்கலன்னு சொல்லுதியே" என்றார். அப்புறம் பரணில் தேடி, மாமா முன்பு பலசரக்குக் கடை வைத்திருந்தபோது ரசீது குத்திவைத்த கம்பியை எடுத்து வந்து, நாற்பத்தொன்றையும் அதில் குத்தி என் முன்னால் வைத்தார்.

அந்த எண்ணிக்கை எனக்குத் தெரியாத ஒன்றா? தெரியும். ஆனால் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது முழுக்க அந்தக் கம்பியிலிருந்து கற்றதுதான். பொடி வியாபாரத்தை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த வியாபாரம் அது. நீங்கள் சேலை விற்றாலும், கேக் செய்தாலும், ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுத்தாலும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு கம்பி

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். போனில் எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். போனைத் திறந்தால் அடுத்தவர் கடையின் படம் முதலில் கண்ணில் படும், எழுத வந்தது மறந்துவிடும். அதனால் காகிதம்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியோ, சிலுவையோ, பிறையோ, உங்கள் வழக்கப்படி ஒன்று போட்டுத் தேதி எழுதுங்கள். தினமும் இரவு இரண்டு வரி போதும்: இன்று என்ன செய்தேன், இன்று என்ன நகர்ந்தது. "எள் புதுக் கடையில் வாங்கினேன், கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் குறைவு" என்பதும் நகர்ந்த கணக்குதான்.

இந்த இரண்டு வரிக்கு இருக்கும் பலத்தை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். பின்னால் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோது அட, இதுதானே என்று இருந்தது. தெரசா அமபிலே, ஸ்டீவன் கிரேமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழு நிறுவனங்களில் வேலை பார்த்த 238 பேரிடம் நாள்தோறும் குறிப்பு எழுத வைத்து, கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். மனிதர்கள் உற்சாகமாக வேலை பார்த்த நாட்களைப் பார்த்தால், முக்கியமான வேலையில் கொஞ்சமாவது முன்னேற்றம் கண்ட நாட்களாக அவை இருந்தன. முன்னேற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நடந்ததைக் கவனித்தால் போதும், அதற்கு எழுதிவைப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கம்பி பழைய சாமான் கடையிலோ ஸ்டேஷனரி கடையிலோ கிடைக்கும். பார்சல் போட்டு வந்த ரசீதை அன்றே அதில் குத்திவிடுங்கள். ஒரு விஷயம் கவனம்: அஞ்சலகத்தில் தரும் பிரிண்ட் ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அதனால் குத்துவதற்கு முன் ஸ்பீட் போஸ்ட் எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து என மொத்தம் பதின்மூன்று. வாங்கியவர் "பார்சல் எங்க இருக்கு" என்று கேட்கும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

பொருள் அனுப்பாத தொழில் என்றால் கம்பிக்குப் பதில் ஒரு கண்ணாடி ஜாடி வையுங்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஒரு புளியங்கொட்டை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதோ ஒன்று வளர வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது படி: செய்ததையும் கிடைத்ததையும் பிரியுங்கள்

நோட்டின் நடுப்பக்கத்தை விரித்து, இடப்பக்கம் "செய்தது", வலப்பக்கம் "கிடைத்தது" என்று தலைப்புப் போடுங்கள். லேபிள் அச்சடித்தது, பத்துப் படம் எடுத்தது, ஐந்து வீட்டுக்கு ருசி பார்க்கக் கொடுத்தது எல்லாம் இடப்பக்கம். ஆர்டர் வந்தது, பணம் வந்தது, நல்ல வார்த்தை வந்தது வலப்பக்கம்.

இடப்பக்கம் உங்கள் கையில் இருக்கிறது. வலப்பக்கம் வாங்குகிறவர் கையில், சீசன் கையில், ஏதோ ஒரு கம்பெனி உங்கள் வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் முறையின் கையில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வலப்பக்கத்தை மட்டும் குறிக்கோளாக வைக்கிறார்கள்: "இந்த மாதம் ஐம்பது ஆர்டர்." முப்பது வந்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கிறது. முதல் மூன்று மாதம் நீங்கள் கொண்டாட வைத்திருக்கும் படிகளில் பாதிக்கு மேல் இடப்பக்கத்தில் இருக்கட்டும். பிறகு மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது படி: உங்கள் படிகளை முன்கூட்டியே எழுதுங்கள்

இதற்குத்தான் ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார வேண்டும். நடந்த பிறகு "இதைக் கொண்டாடலாமா" என்று யோசித்தால் மனசு எப்போதும் "இது பெரிய விஷயமா, விடு" என்றுதான் சொல்லும். முன்பே எழுதிவைத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டு வாசலில் நிலை வைக்கும் நாளில் கொண்டாடலாமா என்று யாரும் யோசிப்பதில்லையே, அந்த மாதிரி.

எங்கள் படிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, காகிதம் சரியான நாள். வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவு வேண்டும். பதிந்ததும் பதினான்கு இலக்க எண் ஒன்று தருவார்கள். அது லேபிளில் இருக்க வேண்டும். கூடவே சேர்மானங்கள், நிகர எடை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, சைவத்துக்கான பச்சைக் குறி. பலர் இந்த வேலையைத் தொந்தரவு என்று தள்ளிப்போடுவார்கள். இதையே ஒரு விசேஷமாக வைத்துக்கொண்டால் தள்ளிப்போட மனசு வராது. எங்கள் எண் வந்த அன்று அதை ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினோம், பால்பாயசம் வைத்தோம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இருக்கிறது. அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கிற இடைத்தரகர்களிடம் போய்விடாதீர்கள்.

அடுத்தது, வியாபாரிகளுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் கேட்டலாக்கில், அதாவது பொருள் பட்டியலில், எல்லாப் பொருளையும் ஏற்றிய நாள். மூன்று பொருள்தான், ஆனால் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையும் விலையும் போட்டு முடிக்க எனக்கு ஐந்து நாள் ஆனது.

மூன்றாவதாக நான் எழுதியிருந்தது, தெரியாத ஒருவர் வாங்கிய முதல் பாக்கெட். சித்தி, பெரியம்மா, கூடப் படித்தவர்கள் வாங்குவதை நான் மொய்ப்பணம் மாதிரிதான் பார்க்கிறேன். அதில் அன்பு இருக்கிறது, நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து வியாபாரக் கணக்குப் போட முடியாது. நம்மை யாரென்றே தெரியாத ஒருவர் யுபிஐயில் பணத்தை முதலில் அனுப்பிவிட்டு முகவரியைத் தட்டச்சு செய்கிறாரே, அந்த நம்பிக்கை சாதாரணமானது கிடையாது. எங்களுக்கு அது ஈரோட்டிலிருந்து வந்தது. தேதிகூட இன்னும் நினைவிருக்கிறது.

நான்காவது, முதல் புகாரைச் சரிசெய்த நாள். இதை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் பருப்புப்பொடி முழுதும் ஆறுவதற்குள் அவசரப்பட்டு அடைத்து அனுப்பிவிட்டேன். பாக்கெட்டுக்குள் வியர்த்து, கட்டி தட்டிப்போனது. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பி, புதுப் பொடியும் அனுப்பினேன். அன்று முதல் வறுத்து அரைத்ததைத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு மறுநாள் காலைதான் அடைக்கிறோம். தவறு நடந்த நாளை நோட்டில் எழுதினேன்; அது தீர்ந்த நாளை அடிக்கோடு போட்டு எழுதினேன். புகார் என்றாலே நடுங்குகிற புதியவர்களுக்கு இந்தப் படி மிகவும் அவசியம். புகாரே வராமல் ஒரு வியாபாரமும் நடக்காது. அதைக் கடந்து வந்த நாளை நல்ல நாளாகக் குறித்துவைத்தால் அடுத்த புகாரின்போது கை நடுங்காது.

ஐந்தாவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது: வாங்கியவர் மறுபடி வாங்கிய நாள். முதல் தடவை படத்தைப் பார்த்து வாங்கியிருக்கலாம், விலையைப் பார்த்து வாங்கியிருக்கலாம். இரண்டாவது தடவை பொடியைச் சாப்பிட்டுப் பார்த்து வாங்குகிறார். ஆயிரம் பேர் பின்தொடர்வதைவிடப் பத்துப் பேர் திரும்ப வருவது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் வாடிக்கையாளர்களுக்கு லேபிள் போடும் வசதி இருக்கிறது. "மறுபடி வந்தவர்" என்று தனியாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

அப்புறம், ஒரு மாதக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதி முடித்தது. வெளிமாநிலத்துக்குப் போன முதல் பார்சல். வியாபாரப் பணத்தை வீட்டுப் பணத்திலிருந்து பிரித்துத் தனி வங்கிக் கணக்கில் போட்டது. கடைசியாக, எனக்கு நானே சம்பளம் எடுத்த நாள். ஐந்நூறு ரூபாய்தான். கவரில் போட்டு, என் பெயர் எழுதி, அத்தை கையால் வாங்கிக்கொண்டேன்.

நான்காவது படி: செலவும் அளவும்

கொண்டாட்டம் வியாபாரத்தைத் தின்னக் கூடாது. ஒரு உதாரணக் கணக்கு பாருங்கள். 200 கிராம் பாக்கெட் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், தபால் செலவு தனி. பருப்பு, மிளகாய், எள், எண்ணெய் எல்லாம் 65 ரூபாய். பாக்கெட், லேபிள், அட்டைப்பெட்டி, டேப் 18. காஸ், கரண்ட் 7. மீதி 60 ரூபாய், அதில்தான் உங்கள் உழைப்புக்கான கூலியும் இருக்கிறது. முதல் ஆர்டர் வந்த சந்தோஷத்தில் நானூறு ரூபாய்க்கு ஓட்டலில் சாப்பிட்டால் ஏழு பாக்கெட் லாபம் போய்விட்டது. அதனால் வரவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மீதியை வைத்துப் போடுங்கள்.

எங்கள் வழக்கம் இது. தினசரிக்குக் காசே கிடையாது: நோட்டில் எழுதியதும் என் மகள் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வரைவாள், அது அவள் உரிமை. வாரத்துக்கு ஒன்று என்றால் நூறு கிராம் சூடான அல்வா, கூட ஒரு கை மிக்சர். எங்கள் ஊரில் அது பெரிய விருந்து. வாங்கியவர் மறுபடி வாங்கிய நாள் மாதிரி பெரியது என்றால் வீட்டில் எல்லாருமாக ஒரு சாயங்காலம் தாமிரபரணிப் படித்துறைக்குப் போய்வருவோம், போன் வீட்டிலேயே இருக்கும்.

மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். ஒன்று, அன்றைய கொண்டாட்டம் அன்றே. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் ஞாயிறு வரும்போது அந்தச் சந்தோஷம் ஆறிப்போயிருக்கும். இரண்டு, வேலைக்கு விடுமுறை விடுவதைப் பரிசாக வைக்காதீர்கள். "பத்து நாள் விடாமல் படம் போட்டேன், அதனால் ஐந்து நாள் லீவு" என்றால், பத்து நாளில் பழகிய கை ஐந்து நாளில் மறந்துவிடும். உடம்புக்கு ஓய்வு வேண்டும், அது வேறு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சம்பாதிக்க வேண்டிய பரிசாக ஆக்காதீர்கள். மூன்று, வியாபாரச் சாமான் வாங்குவதைக் கொண்டாட்டம் என்று எண்ணாதீர்கள். இருபதாவது ஆர்டர் வந்த உற்சாகத்தில் மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஆயிரம் டப்பா வாங்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த டப்பாக்கள் மூலையில் கிடந்து தினமும் மனசைக் குத்தும்.

ஐந்தாவது படி: பத்துக்கும் நூறுக்கும் நடுவே

முதல் பத்து ஆர்டர் வரைக்கும் எல்லாமே புதுசு, உற்சாகம் தானாக வரும். தொண்ணூறைத் தாண்டினால் நூறு பக்கத்தில் தெரியும், கால் தானாக நடக்கும். நடுவில் இருக்கும் தூரம்தான் வெயிலில் நடக்கிற பொட்டல்காடு. அங்கே மைல்கல்லை நெருக்கமாக நடுங்கள்: இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது, அறுபத்தைந்து, எண்பது. ரவுண்டான எண்ணாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்கு நாற்பத்தொன்று இன்றைக்கும் விசேஷமான எண்.

இன்னொரு உதவி, ஏற்கெனவே வந்த தூரத்தைக் கணக்கில் சேர்ப்பது. ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரெஸ் என்ற ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. கார் கழுவும் இடத்தில் முந்நூறு பேருக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டில் முன்பே முத்திரை. இரண்டு தரப்புக்கும் இன்னும் எட்டு முறைதான் கழுவ வேண்டும். வெற்று அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டு முத்திரையோடு வாங்கியவர்களில் 34 சதவீதம் பேர். ஏற்கெனவே தொடங்கிவிட்டோம் என்ற எண்ணம் அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது.

இதை நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ளலாம், அதில் பொய் எதுவும் இல்லை. நோட்டின் படிப் பட்டியலில் முதல் இரண்டு வரியாக நீங்கள் ஏற்கெனவே முடித்ததை எழுதி டிக் போடுங்கள். "பாட்டியிடம் பொடி வறுக்கும் பதம் கற்றது." "பத்து வருஷமாக வீட்டுக்கு நானே செய்துவருவது." உண்மையில் உங்கள் வியாபாரம் அங்கேதான் தொடங்கியது.

வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதற்கு முன் 500 சந்தாதாரர், 3,000 மணி நேரம் என்று ஒரு கீழ்ப்படியும் உண்டு. ஷார்ட்ஸுக்கு வேறு அளவு. அந்த வருமானம் சேரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண்ணோடு (PIN) ஒரு கடிதம் தபாலில் வீட்டுக்கு வரும், பணம் நூறு டாலர் சேர்ந்த பிறகு. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினாலும் தப்பில்லை. ஆனால் இவை கம்பெனி வைத்த கல்; அவர்கள் நினைத்தால் மாற்றி நடுவார்கள். உங்கள் கல்லாக "இருபத்தைந்து வீடியோ முடித்தது", "வெளிச்சம் சரியாக வந்த முதல் வீடியோ" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

லைக், பின்தொடர்வோர் எண்ணிக்கையை நான் படியாக வைப்பதே இல்லை. பரிசுப் போட்டி நடத்தினால் ஒரே நாளில் ஏறும். அவர்களில் பொடி வாங்குகிறவர் எத்தனை பேர் என்று அடுத்த மாதம் தெரியும்.

ஆறாவது படி: கண் பட்டுவிடும் என்ற பயம்

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் என்னிடம் பேசும் பெண்களில் பலர் தயங்குவது இதனால்தான். "நல்லா போகுதுன்னு சொன்னா கண்ணு பட்டுரும்க்கா." அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன், எங்கள் வீட்டிலும் சுற்றிப் போடுகிற வழக்கம் இருக்கிறது. கொண்டாட ஸ்டேட்டஸ் போட வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டுக்குள் நாலு பேர் சேர்ந்து இனிப்புச் சாப்பிட்டால் அதுவே போதும். வெளியே சொல்வது தனி முடிவு.

வீட்டில் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வறுக்கும்போது மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். மாதத்தில் ஒருநாள் நோட்டை அவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஆறு மாதம் என் கணவர் இதைப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தார். ஒருநாள் நோட்டை வாசித்த பிறகு, தினமும் காலையில் தபால் ஆபீஸுக்குப் பார்சல் கொண்டுபோகும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

வெளியில் சொல்வதாக இருந்தால், எவ்வளவு சம்பாதித்தோம் என்பதைச் சொல்ல வேண்டாம், என்ன செய்து முடித்தோம் என்பதைச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடும்போது அவரிடம் கேட்டுவிட்டு, பெயர், போன் எண், பண விவரம் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். அவர் நம்பிக் கொடுத்த விவரம் அது.

உங்களை மாதிரியே புதிதாகத் தொடங்கிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதும் நல்லது. ஒரே பொருள் விற்பவராக இருக்க வேண்டாம். என் துணை, சணல் பை தைத்து விற்கும் ஒரு அக்கா. வெள்ளிக்கிழமை இரவு ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ், இந்த வாரம் எந்தப் படி ஏறினோம் என்று.

ஏழாவது படி: ஆர்டர் வராத நாட்கள்

வரும். வராமல் இருக்காது. அதற்கென்று ஒரு பக்கம் முன்பே எழுதிவைத்திருங்கள், "ஆர்டர் இல்லாத நாள் வேலைகள்" என்று. பழைய வாடிக்கையாளர் மூவருக்கு "பொடி எப்படி இருந்தது" என்று விசாரித்து ஒரு செய்தி. ஒரு புதுப் படம். பெட்டிகளின் எடையை நிறுத்துப் பார்ப்பது: தபால் கட்டணம் எடைப்படி ஏறுவதால், அட்டையில் சில கிராம் குறைத்தால் ஒரு கட்டணப் படி கீழே வரலாம், கவுண்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாமான் விலை விசாரிப்பது. இதில் ஒன்றை முடித்தாலும் இரவு நட்சத்திரம் உண்டு. ஆர்டர் வந்த நாளின் நட்சத்திரத்தைவிட அது சின்னதாக இருக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒருநாள் எழுதாமல் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். பின்னால் போய் நிரப்ப வேண்டாம், அன்றைய இடத்தைக் காலியாக விட்டு அடுத்த நாளிலிருந்து எழுதுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். காய்ச்சல், வீட்டில் விசேஷம், துக்கம் என்று வாரக்கணக்கில் விட்டுப்போகவும் கூடும். மறுபடி உட்காரும் நாளையே ஒரு படியாக எழுதுங்கள்: "திரும்ப ஆரம்பித்த நாள்." எங்கள் நோட்டில் அப்படி நான்கு இருக்கிறது.

எட்டாவது படி: வருஷத்தில் ஒரு நாள்

ஆயுத பூஜை அன்று மிக்சி, தராசு, பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். நோட்டும் கம்பியும் பக்கத்தில் இருக்கும். பூஜை முடிந்ததும் அந்த வருஷ நோட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிப்போம். உங்களுக்கு வேறு நாள் வசதி என்றால் அது உங்கள் விருப்பம், நாள் ஒன்று குறித்துவையுங்கள். வாசித்து முடித்ததும் அடுத்த வருஷத்துக்கான படிகளை எழுதி, இனி சாதாரணமாகிவிட்டவற்றை எடுத்துவிடுங்கள். வெளிமாநிலப் பார்சல் இப்போது எங்களுக்கு விசேஷம் கிடையாது. மறுபடி வந்தவர் தன் தோழிக்குச் சொல்லி அவர் வாங்குவதுதான் இப்போதைய விசேஷம்.

கம்பி நிறைந்ததும் ரசீதுகளை உருவி, நூலால் கட்டி, மேலே தேதி எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்கிறோம். முதல் கட்டில் இப்போது ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை, வெறும் வெள்ளைத் தாள்கள்தான். அத்தை அதை எடுத்துப் போட விடுவதில்லை.